அத்தியாயம் பதினேழு: சட்டைகளுக்கு அடியில் இருந்த வேலை

அந்த வியாழக்கிழமை காலை பல் செட் லேபில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று யாரும் நழுவ முடியாது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நிமிர்ந்த முதுகோடு முதலாளி. வயது அறுபத்தெட்டு. ஊழியர்கள் முதல் டாக்டர்கள் வரை அவரைப் பெரியவர் என்றே அழைப்பார்கள். வாசல் மேஜையில் தொலைபேசியும் தானுமாக அவருடைய ஒரே மகன், சின்னவர். பின்னறையில் பிளாஸ்டர் கலக்கும் ஆள். தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளையாக இருப்பதால் அவருக்கு மாவு என்று பெயர். ஜன்னலோர மேஜையில், மெழுகில் பற்களை வரிசையாக நிறுத்தும் பெண். எதையும் இரண்டு தடவை அளக்காமல் கையை எடுக்கமாட்டாள் என்பதால் அவளை அளவு என்று கூப்பிட ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. மாடி வீட்டில் பெரியவரின் மனைவி. ஸ்டோர் அறை வாசலில் மருமகள், தோளில் நாலு மாதக் குழந்தையோடு.

அளவின் குழந்தை அங்கே இல்லை. பிறந்து அறுபத்தைந்து நாள் ஆகியிருந்த அந்தப் பெண் குழந்தை, நாலு தெரு தள்ளி, அளவின் வீட்டுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒருத்தியின் மடியில் இருந்தது. அன்றைய நாள் முழுவதும் நடந்தது அங்கே இல்லாத அந்தக் குழந்தையைப் பற்றியதுதான்.

மருமகள்தான் அந்த லேபில் பல்லின் நிறம் பார்ப்பவள். பிரசவத்துக்குப் பிறகு சென்ற வாரம்தான் முதல் தடவையாகப் படியிறங்கி வந்தாள். இன்று நிறம் பார்க்கும் அட்டையை எடுக்க ஸ்டோர் அறைக் கதவில் கை வைத்தாள் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும்.

கதவு திறந்தது. இரண்டே நொடியில் மூடியது.

உள்ளே அவள் என்ன கண்டாள் என்பதைப் பெரியவர் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று வாரத்துக்கும் மேலாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான் அது. தினமும் பதினொரு மணிக்கு அளவு மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டோருக்குள் போவாள். பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவே உள்ள தொட்டியில் குனிந்து, மார்பில் கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்து தண்ணீரோடு ஓடவிடுவாள். வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை. லேபில் இருந்த ஒரே குளிர்பெட்டியில் ரெசின் கலக்கும் திரவம் இருந்தது. அதன் நெடி அந்தப் பெட்டிக்குள் எதையும் விட்டுவைக்காது.

அவள் எழுந்து போகும்போதெல்லாம் பெரியவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அவள் திரும்பி வந்ததும் குறைப்பார். அதை அவர் நாகரிகம் என்று நினைத்திருந்தார். இன்று ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், லேப் முழுவதும் அதிரும் அளவுக்கு.

"அட்டை கிடைச்சுதாம்மா?" என்றார் பெரியவர்.

"இல்ல மாமா."

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். பின்னறைக்குப் போய் மாவிடம் ஏதோ கேட்டாள். மாவு கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பதில் சொன்னார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு மாடியேறிப் போனாள்.

பெரியவருக்கு அன்று பிளாஸ்டர் அச்சுகளில் ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை. ஒரு நாளைக்குப் பத்து குறை கண்டுபிடிப்பவர் அவர்.

அந்த லேபில் லீவுக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. மதியத்துக்கு மேல் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றால் லீவு கேட்கிறார்கள் என்று அர்த்தம். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். முப்பத்தொரு வருடம் இப்படித்தான் ஓடியது. சொல்லை நம்பாதவர்கள்தான் எழுதி வைப்பார்கள் என்பது அவர் கட்சி. டாக்டர்கள் யாராவது வந்தால், "இங்க வேலைக்காரங்கன்னு யாரும் இல்ல. எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க" என்று கையை நீட்டிக் காட்டுவார். வாய்ப்பேச்சாக இல்லை, மனதாரத்தான்.

எட்டாம் மாதம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அளவு வந்து நின்றபோதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை பிறந்ததுலேருந்து மூணு மாசம். சம்பளத்தோட. பிள்ளையைப் பார்த்துக்கோ, இதையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். சொன்ன அன்று அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அன்று மாடியில் சாப்பிடும்போது, "வீட்ல இருப்புக் கொள்ளலையாம், வந்துட்டா" என்றார் பெரியவர். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் தட்டு.

இன்று கேட்டார்கள்.

மதியம் மாடியில் தட்டுகள் வைத்தாயிற்று. மருமகள் மட்டும் உட்காரவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்றாள்.

"மாமா, அளவு தானாவா வேலைக்கு வந்தாங்க?"

பெரியவர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

"வந்தா. வேண்டாம்னா விரட்ட முடியும்?"

"வான்னு சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் விழுங்கியிருப்பார். உண்மையாக இருந்ததால் தொண்டையிலேயே நின்றது.

சின்னவர் இடையில் புகுந்தார். "இப்ப எதுக்கு இந்த விசாரணைக் கமிஷன்? அப்பா சாப்பிடட்டும் விடு. நான் எப்பவோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாலு பேரை வெச்சு நடத்தற இடத்துக்கு பிரசவ லீவுச் சட்டமே கிடையாது. நாம நாற்பது நாள் கொடுத்ததே தாராளம்."

"எனக்கு எத்தனை நாள் கொடுத்தீங்க?"

"உனக்கென்ன, நீ வீட்டு ஆள்."

"அவங்களும் வீட்டு ஆள்னுதான மாமா சொல்லுவாரு. டாக்டருங்க வர்றப்பகூட அதைத்தான சொல்றாரு."

சின்னவர் குனிந்து தட்டில் மும்முரமானார். பேச்சில் மனைவியிடம் தோற்றால் பசி எடுத்துவிடும் அவருக்கு.

"அத்தை," என்றாள் மருமகள், "பிள்ளை பிறந்ததும் அளவு வீட்டுக்குச் சட்டை தெச்சு அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஆறு சட்டை. நாலு வெள்ளை, ரெண்டு மஞ்சள்," என்றாள் பெரியவரின் மனைவி. "கையில தெச்சது. மெஷின் தையல் உறுத்தும்னு. ஏன், பத்தலையா?"

"அந்தப் பெட்டிக்கு அடியில என்ன போச்சுன்னு தெரியுமா?"

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

பெரியவர் எழுந்துவிடலாமா என்று பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். அளவு லீவில் போய் இருபத்து மூன்றாம் நாள், ஒரே சமயத்தில் இரண்டு முழு செட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. பெரியவரே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பார்த்தார். மேஜையை விட்டு எட்டு வருடம் ஆன கை. இரண்டு மணி நேரத்தில் மூன்று பல். அதில் ஒன்று பக்கத்துப் பல்லோடு சண்டை போட்டவன் மாதிரி திரும்பிக்கொண்டு நின்றது. அப்போதுதான் மாடியிலிருந்து சட்டைப் பெட்டி கீழே வந்தது, மாவு கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. பெரியவர் சட்டைகளைத் தூக்கினார். அந்த இரண்டு செட்டுகளுக்கான பிளாஸ்டர் அச்சுகளையும் செய்தித்தாளில் சுற்றி அடியில் வைத்தார். தாடை போலத் திறந்து மூடும் பித்தளைச் சட்டத்தை வைத்தார். சட்டைகளை மடிப்புக் கலையாமல் மேலே அடுக்கினார். "சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்லு, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று மாவிடம் சொல்லி அனுப்பினார்.

முதல் செட் பழுதில்லாமல் வந்தது. இரண்டாவது ஒரு நூல் பிசகிவிட்டது. போட்டவரால் வாயை மூட முடியவில்லை. டாக்டர் திருப்பி அனுப்பினார். ஒன்பது வருடத்தில் அளவின் கையிலிருந்து போய்த் திரும்பி வந்த முதல் செட். பெரியவர் அவளுக்குப் போன் செய்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "வீட்ல வெச்சு செஞ்சா இப்படித்தாம்மா ஆகும்." அடுத்த திங்கட்கிழமை அவள் வந்து நின்றாள்.

மருமகள் இதை எல்லாம் இத்தனை விவரமாகச் சொல்லவில்லை. "ரெண்டு அச்சு அத்தை. சட்டைக்கு அடியில. மாவைக் கேட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

பெரியவரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் கணவரை எதிர்த்துப் பிறர் முன்னால் பேசியவள் இல்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒரு பிள்ளைக்குத் துணி அனுப்பறேன்னு நினைச்சேன். நீங்க அதை மூடி போடறதுக்கு எடுத்துக்கிட்டீங்க."

"நான் என்னதான் பண்ணியிருக்கணும்?" பெரியவருக்குக் குரல் கொஞ்சம் ஏறியது. "பெரிய கம்பெனியில ஒருத்தி லீவுல போனா ஒரு நாற்காலி காலி. இங்க போனா வலது கையே போச்சு. அந்த ரெண்டு செட்டை யாரு செய்யறது? வாயில பல்லு இல்லாம ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க கஞ்சி குடிச்சுக்கிட்டு மூணு மாசம் இருப்பாங்களா? சொல்லு, நீயே சொல்லு."

"கஷ்டம்தான் மாமா, இல்லேங்கல," என்றாள் மருமகள். "ஆனா அது நம்ம கஷ்டம். அதை எதுக்குப் பெட்டியில போட்டு அவங்க வீட்டுக்கு அனுப்பணும்?"

 மருமகள் நடந்து வந்து, தூங்கிப்போயிருந்த குழந்தையை மாமனாரின் மடியில் கிடத்தினாள்.

"நாளையிலேருந்து நான் கீழே வேலைக்கு வரேன். இந்த இடத்துல லீவு நாற்பது நாள்தான்னா, நான் எண்பது நாள் கூடுதலா எடுத்துட்டேன்."

"நாலு மாசப் பிள்ளைய விட்டுட்டு எப்படிம்மா…" என்று தொடங்கிய பெரியவர், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குழந்தை தூக்கத்திலேயே அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கையை விலக்கவில்லை. விலக்கும் தகுதி இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

*

எட்டு வருடமாகப் பெரியவர் ஊழியர் மேஜைக்குப் போய்ப் பேசியது கிடையாது. வேண்டியவர்கள் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அன்று மதியம் அவர் தடுப்பைத் தாண்டி வந்து ஜன்னலோர மேஜைக்கு எதிரே நின்றதைப் பார்த்ததும், மாவு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போய்விட்டார்.

அளவு ஒரு மேடைப் பேச்சாளருக்கான மேல் செட்டைச் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை அவர் கூட்டத்தில் பேசியாகவேண்டும். இப்போதிருக்கும் நிலையில் அவர் பேச்சைவிட எச்சில்தான் முன்வரிசைக்கு எட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"அளவு."

"சொல்லுங்கய்யா. இன்னும் நாலு பல்லுதான். முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

"அதை அப்படியே வெச்சுடு. நீ வீட்டுக்குப் போம்மா."

அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி ஸ்பிரிட் விளக்கின் மேலேயே நின்றது. 

"என்ன தப்பு ஐயா? இந்த செட்டை ரெண்டு தடவ அளந்துட்டேன். வேணும்னா இன்னொரு தடவ…"

பெரியவருக்குக் கன்னத்தில் அறை வாங்கினாற்போல் இருந்தது. லீவு கொடுக்க வந்தவரை, வேலையை விட்டு நிறுத்த வந்தவராக அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் இருந்திருக்கிறார் இத்தனை நாளும்.

"தப்பு உன்மேல இல்ல. மீதி லீவை எடுத்துக்கோ. நான் சொன்னது மூணு மாசம்தானே."

அவள் விளக்கை அணைத்தாள். கத்தியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"சின்னம்மா ஸ்டோர்க் கதவைத் திறந்து பார்த்துட்டாங்க, அதனாலயா ஐயா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சுலபமான வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆமா," என்றார் பெரியவர்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமேய்யா. ரேடியோ கூட்டி வெப்பீங்களே."

அவள் குற்றம் சாட்டுகிற தொனியில் சொல்லவில்லை. இந்த அச்சு பழசு, அந்த அச்சு புதுசு என்று சொல்வாளே, அந்தக் குரல். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே இருந்த பழைய கர்வம் ஒரு தடவை தலையைத் தூக்கியது.

"நான் உன்னை வான்னு சொன்னேனா? உண்மையச் சொல்லு."

"இல்லைங்கய்யா. நீங்க வாயத் திறந்து சொல்லல. பெட்டியில என் கத்தியையும் வெச்சிருந்தீங்க. அச்சு மட்டும் இருந்தா, மாவண்ணன் தெரியாம போட்டுட்டார்னு திருப்பி அனுப்பியிருப்பேன். என் டிராயருக்குள்ள இருக்கற கத்தி தானா வராதுல்லய்யா."

பெரியவர் அந்தக் கத்தியை மறந்தே போயிருந்தார். பித்தளைச் சட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு ஓரமாக, சிறு துணியில் சுற்றி வைத்தது அவர் கைதான். எவ்வளவு அக்கறையாக வைத்தோம் என்று அப்போது நினைத்திருந்தார்.

"அந்த ரெண்டாவது செட்டு," என்றாள் அவள், "அது ஏன் பிசகுச்சுன்னு நீங்க கேக்கவே இல்ல. பிள்ளை மடியில இருந்துச்சு. விளக்குச் சூடு படக்கூடாதேன்னு இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இடது கையால அழுத்தினேன். அளந்தது ஒரு தடவதான். ரெண்டாவது தடவ அளக்கறதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டா."

"கேட்டிருக்கணும்," என்றார் அவர்.

"எங்க அக்கா வர்றதா இருந்தா ஐயா. நீங்க மூணு மாசம் சொன்னீங்களேன்னு, மூணு மாசம் கழிச்சு வாக்கா, அப்பதான் எனக்கு ஆள் வேணும்னு சொன்னேன். அவ வேலை பாக்கற இடத்துலயும் அதுக்கேத்த மாதிரி லீவு எழுதிக் கொடுத்துட்டா. மாத்த முடியல. நீங்க ஒண்ணுமே கொடுக்காம இருந்திருந்தாகூட முன்னாலேயே வரச் சொல்லியிருப்பேன். கொடுத்ததாலதான் மாட்டிக்கிட்டேன்."

 பெரியவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மாவு உட்காரும் முக்காலி. கால்சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டார். இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நல்லாத்தான் இருக்கா. நான் போனதும் என்னைப் பார்த்துக் கை காலை ஆட்டுவா. கிட்டத் தூக்கினதும் முகத்தைத் திருப்பிக்குவா. இந்த நெடிதான். குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அழுது அழுது தூங்கிடுவா. அப்புறம் எழுப்பிக் கொடுத்தா அரைவயிறுதான்."

பெரியவர் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அந்த நெடி அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது அப்படியேதான் இருந்திருக்கிறது.

"கிளம்பும்மா. பிள்ளை விழிச்சிருக்கும்போதே போ."

அவள் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டு வந்தா இந்த மேஜை இருக்குமாய்யா?"

"இருக்கும். நான் வாக்கு…"

அந்த வார்த்தையை முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. வாக்குக் கொடுத்துத்தானே இத்தனையும். அவர் திரும்பி வாசல் மேஜையைப் பார்த்தார்.

"டேய், ஒரு காகிதமும் பேனாவும் கொண்டா."

"எதுக்குப்பா?" என்றார் சின்னவர்.

"எழுதறதுக்கு."

அந்த லேபில் முதல் தடவையாக ஒரு லீவு எழுத்தில் ஏறியது. நாளை முதல் ஐம்பது நாள், முழுச் சம்பளத்தோடு. நடுவில் வேலை செய்த நாட்களை இதில் கழிப்பதில்லை. திரும்பி வரும்போது இதே மேஜை, இதே வேலை. பெரியவர் கையெழுத்துப் போட்டார், தேதியையும் எழுதினார். அவர் எழுத்து பழைய காலத்து எழுத்து, ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும். அன்று அது கொஞ்சம் கூனிக் கிடந்தது.

அளவு அதை வாங்கிப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"இன்னும் ஒரு வரி எழுதணும் ஐயா."

"என்ன?"

"பெட்டி எதுவும் வீட்டுக்கு வராதுன்னு."

சின்னவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவிடம் இப்படி ஒருவர் பேசி அவர் கேட்டதில்லை. பெரியவர் காகிதத்தைத் திருப்பி வாங்கி, அந்த வரியையும் எழுதிக் கொடுத்தார்.

அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். தினமும் போகும்போது "வரேங்கய்யா" என்று சொல்கிறவள், அன்று, "கிளம்பறேங்கய்யா" என்றாள். கதவு மூடிய பிறகுதான் பெரியவருக்கு அந்த வித்தியாசம் தட்டுப்பட்டது. எழுதிக் கொடுத்தது அவர்தான். வருவேன் என்று அவள் எதையும் எழுதித் தரவில்லை. கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

*

பேச்சாளரின் நாலு பல் அப்படியே நின்றது. பெரியவர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து விளக்கை ஏற்றினார். மாவு திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கை இழுத்து வைத்தார், வெளிச்சத்துக்கு.

"கை ஆடுதுங்க."

"தெரியுது. நீ உன் வேலையப் பாரு."

"முழங்கைய மேஜையில ஊணிக்கிட்டா ஆடாது. அளவு அப்படித்தான் பண்ணும்."

பெரியவர் முழங்கையை ஊன்றினார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பல் நின்றது. ஒழுங்காகவே நின்றது.

"ஐம்பது நாளைக்கு ஆள் பார்க்கணும்டா," என்றார் மகனிடம், தலையைத் தூக்காமல்.

"ஐம்பது நாளைக்குன்னா எவன்ப்பா வருவான்? அதுவும் இந்த வேலை தெரிஞ்சவன்?"

"கிடைக்கலன்னா ஆர்டரைக் குறை. ரெண்டு டாக்டரை வேற லேபுக்கு அனுப்பு. நம்ம தலைவலி, நாமதான் மாத்திரை போட்டுக்கணும்."

சின்னவர் ஆர்டர் நோட்டைப் புரட்டினார். மதியத்திலிருந்தே அவர் முகம் சரியில்லை. மூன்று மணி வாக்கில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். செட்டுகள் தாமதமாகும் என்று கிளினிக்குகளுக்குச் சொல்கிறார் என்றுதான் பெரியவர் எண்ணினார்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. பேச்சாளரை அனுப்பிய டாக்டர்.

"நான் பேசிக்கறேன்ப்பா," என்று சின்னவர் அவசரமாகக் கை நீட்டினார்.

அந்த அவசரம்தான் பெரியவரை எழுந்திருக்க வைத்தது. மெழுகு ஒட்டிய விரல்களால் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"பெரியவரே, சங்கதி கேள்விப்பட்டேன்," என்றார் டாக்டர். அவருடையது தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். அத்தனை பேருக்கும் கேட்டது. "உங்க அளவு கூடுதல் சம்பளத்துக்கு வேற லேபுக்குத் தாவிட்டாங்களாமே. மனசைத் தளர விடாதீங்க. கைக்குழந்தைய விட்டுட்டுக் காசுக்காக நாற்பது நாள்ல ஓடி வந்தவங்கதானே, அப்படித்தான் இருப்பாங்க. இங்க ரெண்டு மூணு கிளினிக்ல இதேதான் பேச்சு. உங்க நல்ல மனசுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு எல்லாருக்கும் வருத்தம்."

பெரியவர் மகனைப் பார்த்தார். சின்னவரின் காது மடல்கள் சிவந்திருந்தன. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற, கையில் கிடைத்த பெயரை எடுத்து விற்றுவிட்டான். இவனைத் திட்ட அவருக்கு வாய் இல்லை. "வீட்ல இருப்புக் கொள்ளலையாம்" என்று அந்த வியாபாரத்தை முதலில் திறந்து வைத்தது யார்?

மாடிப்படியில் காலடி கேட்டது. மருமகள் பாதிப் படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால், குழந்தையை ஏந்திக்கொண்டு அவர் மனைவி. மாவு பின்னறை வாசலில் வாளியோடு நின்றார்.

பெரியவர் சும்மா இருந்தாலே போதும். ஒரு பெருமூச்சு விட்டால் இன்னும் போதும். நாளைக் காலைக்குள் ஊரிலுள்ள அத்தனை கிளினிக்கும் அவருக்காக வருத்தப்படும். ஐம்பது நாள் கழித்து அவள் வந்தாலும், காசுக்காக ஓடியவள், போன இடத்தில் விரட்டிவிட்டார்கள் என்று பேசுவார்கள். வராமலே போனால் பேச்சுக்கு அதுவே சாட்சி. வேறு எந்த லேபும் அவளுக்குக் கதவைத் திறக்காது.

"ஹலோ, பெரியவரே? இருக்கீங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருக்கேன் டாக்டர். நீங்க கேள்விப்பட்டது தப்பு. அவங்க வேற எங்கயும் போகல. பிரசவ லீவுல இருக்காங்க, இன்னும் ஐம்பது நாள் இருக்கு. நாற்பது நாள்ல அவங்க காசுக்காக ஓடி வரவும் இல்ல. மூணு மாசம்னு வாக்குக் கொடுத்துட்டு, நடுவுல வரவெச்சது நான்."